விடாத காய்ச்சல்: வார்டில் என்னிடம் கேட்ட கேள்விகள்

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். மலையகத்து அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் மருத்துவ வார்டில் 24 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தேன். டொக்டர் சிங்களத்தில் கேட்பதைத் தமிழில் சொல்வதும், கட்டிலில் இருப்பவர் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வதும் என் வேலையோடு சேர்ந்தே வந்துவிட்டன. டொக்டரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகள், அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் என்னிடம் வந்து சேரும். வாரக்கணக்கில் காய்ச்சல் விடாமல் படுத்திருந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நோயைக் கண்டுபிடிப்பது டொக்டரின் வேலை. அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்கக் கூடாது, எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

1. எத்தனை நாள் விடாமல் இருந்தால் அதை நீண்ட காய்ச்சல் என்கிறார்கள், மிஸ்?

1961ஆம் ஆண்டு பீட்டர்ஸ்டோர்ஃப், பீசன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு வரையறை வகுத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும்; பல தடவை 101 பாகை ஃபாரன்ஹைட்டைத் தாண்ட வேண்டும்; ஒரு வாரம் வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தும் காரணம் தெரியாமல் இருக்க வேண்டும். 1991இல் அந்த ஒரு வாரம், மூன்று நாளாகவோ மூன்று தடவை கிளினிக்கில் பார்ப்பதாகவோ குறைக்கப்பட்டது.

இது டொக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான கணக்கு. மூன்று வாரம் வீட்டில் கிடந்து பார்க்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நம் நாட்டில் டெங்கு இருப்பதால், காய்ச்சலின் மூன்றாம் நாளே இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நுவரெலியாக் குளிரில் டெங்கு நுளம்பு குறைவுதான். ஆனால் கொழும்புக் கடையில் வேலை செய்யும் பிள்ளை தீபாவளிக்கு வீடு வரும்போது காய்ச்சலோடு வந்து இறங்குவதை ஒவ்வொரு வருடமும் வார்டில் பார்த்திருக்கிறேன். டெங்கு பெரும்பாலும் ஒரு வாரத்தில் தன் போக்கைக் காட்டிவிடும். பத்து நாள் தாண்டியும் காய்ச்சல் எரிகிறது என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

2. தொட்டுப் பார்த்தாலே அனல் அடிக்கிறது. தெர்மோமீட்டர் எதற்கு?

அடுப்படியில் நின்றுவிட்டு வந்த கைக்கு எல்லா நெற்றியும் குளிராகத்தான் இருக்கும். பீலியில் துணி துவைத்துவிட்டு வந்த கைக்கு எல்லா நெற்றியும் சுடும். "காய்ச்சல் அடிக்கிறது" என்று வார்டுக்கு வந்து, மூன்று நாள் பார்த்தும் ஒரு தடவைகூட 99ஐத் தாண்டாதவர்கள் இருக்கிறார்கள். பகலெல்லாம் சுகமாக இருந்து, மாலை ஆறு மணிக்கு 103 ஏறி, கிளினிக்குக்கு வந்த காலை வேளையில் சாதாரணமாக இருந்தவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டாம் வகையினரை நம்பாமல் அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.

அதனால் ஒரு டிஜிட்டல் தெர்மோமீட்டரும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் வாங்கிவிடுங்கள். காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து மணிக்குப் பார்த்து எழுதுங்கள். சுடுதேநீர் குடித்தவுடன் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள், இருபது நிமிடம் போகட்டும். மாத்திரை கொடுத்த நேரம், குளிர் நடுக்கம் வந்த நேரம், உடுப்பு மாற்றும் அளவுக்கு வியர்த்த நேரம் எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறியுங்கள். வாரம் ஒரு தடவை எடையையும் எழுதுங்கள். பின்னால் வரும் பதில்களில் "கொப்பி" என்று நான் சொல்வது இதைத்தான்.

3. பனடோல் போட்டால் விடுகிறது. ஆறு மணி நேரத்தில் திரும்பவும் வருகிறது. மருந்து பிடிக்கவில்லையா?

பனடோல் தன் வேலையைச் செய்திருக்கிறது. அது சூட்டை இறக்கும். சூட்டைக் கிளப்பும் காரணத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. நம் கொழுந்து பறிக்கும் பெண்களில் எத்தனையோ பேர் 50 கிலோ இல்லை. அவர்களுக்கு இந்த அளவு கூடுதல். எடையைச் சொல்லி அளவு கேட்டு வாங்குங்கள். சாராயம் பழக்கமுள்ளவர்களும் அதைச் சொல்லியே வாங்க வேண்டும். அளவு மீறினால் அடிபடுவது ஈரல். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை, உடம்பு வலிக்கென்று விற்கும் மற்ற மாத்திரைகளைத் தொடவே வேண்டாம், இரத்தப்போக்கை உண்டாக்கிவிடும்.

4. எல்லா ரிப்போர்ட்டும் நல்லது என்கிறார்கள். அப்படியென்றால் ஏன் காய்ச்சல்?

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே இல்லை. "ஒன்றுமில்லை" என்று டொக்டர் சொன்னால், "இதுவரை பார்த்த இடங்களில் ஒன்றும் அகப்படவில்லை" என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எடுக்கும் இரத்த எண்ணிக்கை, சிறுநீர், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தச் சோதனைகள், ஈரல் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பொதுவான சோதனைகள். ஈ.எஸ்.ஆர். 100ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ பெரிதாக நடக்கிறது என்று தெரியும். அது என்ன, எங்கே என்று அந்த எண் சொல்லாது.

விடாத காய்ச்சலின் காரணங்களை டொக்டர்கள் சில பெரிய வகைகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒன்று தொற்று: காசநோய், டைபஸ், நெருப்புக் காய்ச்சல் (டைபொய்ட்), இதய வால்வில் கிருமி, ஈரலில் சீழ்க்கட்டி போன்றவை. அடுத்தது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்கள். மூன்றாவது புற்றுநோய்கள், அதிலும் நிணநீர்க் கணுக்களில் வருவது. இவற்றில் அடங்காத மருந்துக் காய்ச்சல், தைரொய்ட் அழற்சி போன்றவை தனி. எவ்வளவு தேடியும் காரணம் தெரியாமலே போகும் சிலரும் உண்டு. அவர்களைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். பல வேளைகளில், அபூர்வமான ஒரு நோய் அல்ல, சாதாரண நோய் ஒன்றே வழக்கத்துக்கு மாறான வேஷத்தில் வந்து எல்லாரையும் அலைய வைக்கும்.

5. வீட்டில் மாடு இருக்கிறதா, எங்கே பயணம் போனீர்கள் என்றெல்லாம் டொக்டர் ஏன் விசாரிக்கிறார்?

ஸ்கேனைவிட அதிகமாகக் காரணத்தைக் காட்டிக் கொடுத்தது இந்த விசாரணைதான் என்பது என் அனுபவம். கான் (வடிகால்) வெட்டுகிறவருக்கும் மரக்கறித் தோட்டத்தில் சேற்றில் நிற்பவருக்கும் எலிக் காய்ச்சல் நினைவுக்கு வரும். பச்சைப் பால் குடிப்பவருக்கும் மாட்டுக்குக் கன்று ஈனப் பார்த்தவருக்கும் புரூசெல்லா என்ற கால்நடைக் கிருமி. நீரிழிவு உள்ளவர் மண்ணிலும் வயல் நீரிலும் வேலை செய்தால் மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோய். அண்மையில் பல் பிடுங்கியவருக்கு, அதுவும் சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்தவருக்கு, இதய வால்வைப் பார்க்க வேண்டும்.

பயணத்தை மறக்காமல் சொல்லுங்கள். இலங்கையில் உள்ளூர் மலேரியா 2012க்குப் பிறகு இல்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த நாட்டை மலேரியா அற்றது என்று சான்றளித்தது. அதனாலேயே இப்போது மலேரியா யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை. இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போய் வந்தவர், ஆப்பிரிக்க நாடொன்றில் வேலை செய்து திரும்பியவர் அதைச் சொன்னால்தான் இரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பார்கள். போய் வந்து பல மாதம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். ஒரு வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து பின்னால் தலை தூக்கும்.

சொல்லக் கூச்சமான விடயங்களும் இருக்கும். குடிப்பழக்கம், வெளி உறவு, எச்.ஐ.வி. பரிசோதனை பற்றிய பேச்சு. மாமியார் கட்டிலருகில் நிற்கும்போது எந்த மருமகளும் வாய் திறக்க மாட்டாள். "தனியாகப் பேச வேண்டும்" என்று தாதியிடம் சொன்னால் போதும், உறவினரை வெளியே அனுப்புவது எங்கள் வேலை.

6. மலையில் அட்டை கடித்தது. அதிலிருந்து வந்த காய்ச்சலா?

அட்டைதான் கண்ணுக்குத் தெரிகிறது, இரத்தம் வடிகிறது. பழி அதன் மேல் விழுந்துவிடுகிறது. அட்டை இந்தக் காய்ச்சல்களைப் பரப்புவதில்லை. கடித்ததே தெரியாமல் கடித்துவிட்டுப் போகும் உண்ணிகளையும், புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்கு எட்டாத செம்பூச்சிக் குஞ்சுகளையும்தான் சந்தேகிக்க வேண்டும். அவை கொண்டு வருவது டைபஸ் வகைக் காய்ச்சல்கள். மலையகத்தில் உண்ணியால் வரும் புள்ளிக் காய்ச்சல் புதிதல்ல. கடும் தலைவலி, உடம்பு வலி, மூட்டு வலி, சில நாள் கழித்து உடம்பில் சிவப்புத் தடிப்பு. அந்தத் தடிப்பு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும். கறுத்த தோலில் அது எளிதில் தெரியாது. வெளிச்சத்தில் சன்னலருகே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

செம்பூச்சி கடித்த இடத்தில் சிலருக்கு ஒரு கருகிய பொருக்கு இருக்கும், சுருட்டு நுனியால் சுட்டதுபோல. வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், காதுக்குப் பின்னால், கொழுந்து பறிக்கும்போது படங்குத் துணி கட்டும் இடுப்பு என்று மறைவான இடங்களில்தான் அது அமரும். பன்னிரண்டு நாளாகக் காய்ச்சலோடு இருந்த ஒரு அக்காவுக்கு வார்டில் ஐந்தாம் நாள் உடம்பு துடைத்துவிட்டபோது, மார்பின் கீழே அந்தப் பொருக்கை நான் கண்டேன். "இது கயிறு உரசின புண் மிஸ்" என்றார். இளம் ஆண் டொக்டர் முன் சட்டையை விலக்க அவருக்கு மனம் வரவில்லை, டொக்டரும் வற்புறுத்தவில்லை. அன்றே டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்து நாள் வெட்கத்தில் போயிற்று. பெண் டொக்டரோ தாதியோ பார்க்கட்டும் என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, கேளுங்கள்.

பொருக்கு எல்லாருக்கும் இருக்காது. இரத்தத்தில் டைபஸை உறுதி செய்யும் சோதனைகளை எல்லா வைத்தியசாலையிலும் செய்வதில்லை. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களுக்கு மாதிரியை அனுப்ப வேண்டியிருக்கும். ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல் டொக்டர் மருந்தைத் தொடங்கினால் அது அவசரப் புத்தி இல்லை. மருந்துக்குக் காய்ச்சல் பணிவதும் ஒரு தடயம். கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், வேறு மருந்து கொடுப்பார்கள்.

7. எலிக் காய்ச்சல் இத்தனை வாரம் இழுக்குமா?

பொதுவாக இழுக்காது. விட்டு, சில நாள் கழித்து இரண்டாம் தடவை வருவதுண்டு. கண் சிவந்து, கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்து, சிறுநீர் குறைந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாரக் கணக்கு பார்க்கும் நோய் அல்ல அது.

8. தனியார் ஆய்வுகூடத்தில் 'நெருப்புக் காய்ச்சல் பொசிட்டிவ்' என்று வந்தது. வார்டில் அதை ஏன் நம்பவில்லை?

நீங்கள் எடுத்தது பெரும்பாலும் வைடால் என்ற பழைய சோதனையாக இருக்கும். அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய பொருளைத் தேடுகிறது. முன்பு எப்போதோ வந்த தொற்றுக்கும், போட்ட தடுப்பூசிக்கும், வேறு காய்ச்சல்களுக்கும்கூட அது 'பொசிட்டிவ்' காட்டலாம். ஒரே ஒரு வைடால் ரிப்போர்ட்டை நம்பி இரண்டு வாரம் மாத்திரை விழுங்கி, உண்மையான நோயை வளர விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உறுதியாகச் சொல்வது இரத்தக் கல்ச்சர். போத்தலில் இரத்தத்தை விட்டு, கிருமி வளருகிறதா என்று ஐந்து நாள் வரை பார்ப்பார்கள். முதல் வாரத்தில், அன்டிபயோட்டிக் தொடங்குவதற்கு முன் எடுத்தால்தான் அதற்கு முழுப் பலன். இதய வால்வுத் தொற்றைச் சந்தேகித்தால் வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று தடவை எடுப்பார்கள். "இரத்தத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்களோ" என்று ஒரு தாத்தா அழுதார். மூன்றிலும் ஒரே கிருமி வளர்ந்தபோதுதான் அவருடைய நோய்க்குப் பெயர் கிடைத்தது.

9. பாமசியில் கேட்டு அன்டிபயோட்டிக் மூன்று நாள் போட்டோம். சொன்னால் திட்டுவார்களே?

திட்டினாலும் சொல்லுங்கள். எட்டாம் பதிலில் சொன்ன கல்ச்சர் போத்தலில் ஒன்றும் வளராமல் போவதற்கு அந்த மூன்று நாள் மாத்திரையே போதும். கிருமி செத்திருக்காது, அரை உயிரோடு ஒளிந்திருக்கும். மாத்திரை போட்டது தெரிந்தால், "வளரவில்லை" என்ற ரிப்போர்ட்டை டொக்டர் வேறு விதமாகப் படிப்பார். தெரியாவிட்டால் அந்தக் கதவை மூடிவிட்டு வேறு திசையில் போய்விடுவார்.

தோட்ட டிஸ்பென்சரியில் ஒன்று, டவுனில் ஒன்று, இன்னொரு டொக்டரிடம் ஒன்று என்று மூன்று இடத்து மருந்தையும் கலந்து சாப்பிட்டுவிட்டு நாலாவது இடத்தில் "ஒரு மருந்தும் எடுக்கவில்லை" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒவ்வொரு டொக்டரும் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியதாகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. மாத்திரை உறைகளைப் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாட்டு மருந்து, எண்ணெய், லேகியம் எடுத்திருந்தாலும் சொல்லுங்கள்.

10. இருமலே இல்லை. பிறகு ஏன் காசநோய், காசநோய் என்கிறார்கள்?

நம் பெரியவர்கள் சயரோகம் என்று சொன்னது சளியில் இரத்தம் வரும் நெஞ்சு நோயை. அதே கிருமி கழுத்து நெறிக்கட்டில் இருக்கும். வயிற்றில், முதுகெலும்பில், நுரையீரலைச் சுற்றிய உறையில், மூளையின் உறையில் இருக்கும். அங்கெல்லாம் இருந்தால் இருமல் வர வேண்டும் என்றில்லை. மாலையில் மெல்ல ஏறும் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடை குறைதல், அவ்வளவுதான். பத்தடி காம்பராவில் ஏழெட்டுப் பேர் சன்னலை அடைத்துக்கொண்டு குளிருக்குப் படுக்கும் லயங்களில் இந்தக் கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது எளிது. வறுமையையும் இருட்டையும் அண்டிப் பிழைக்கும் நோய் அது. வீட்டில் யாருக்காவது முன்பு வந்திருந்தால், அவர் இறந்து இருபது வருடமானாலும் சொல்லுங்கள்.

கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தை அளக்கும் மான்டூ சோதனை ஒரு குறிப்பு மட்டுமே. மிகவும் மெலிந்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் நோய் இருந்தும் வீங்காமல் போகலாம். சளி, நெறிக்கட்டிலிருந்து எடுத்த சிறு துண்டு, வயிற்று நீர் ஆகியவற்றில் கிருமியைத் தேடுவதுதான் உறுதியான வழி. ஊசி போட்ட நாளில் வந்து, அளக்கும் நாளில் கொழுந்து மலைக்குப் போய்விட்டால் எல்லாம் வீண்.

பெயர் வெளியே தெரிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது என்று ஒரு தகப்பன் மகளை வார்டிலிருந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனார். ஒரு மாதம் கழித்து அவளைத் தூக்கிக் கொண்டு வந்தார்கள். அவள் பிழைத்தாள், இப்போது இரண்டு பிள்ளைகள். சிகிச்சை பொதுவாக ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து. முதுகெலும்பிலும் மூளை உறையிலும் இருந்தால் அதைவிடக் கூடுதல் காலம். அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் மருந்துக்குக் காசு இல்லை. நெஞ்சுக்கு வெளியே மட்டும் இருக்கும் காசநோய் பொதுவாக மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை.

11. தொற்று ஒன்றும் இல்லை என்றால் புற்றுநோய்தானா?

இல்லை. நடுவில் பெரியதொரு கூட்டம் நோய்கள் இருக்கின்றன. இளம் பெண்ணுக்கு முடி கொட்டி, வாயில் புண் வந்து, மூட்டு வலித்து, வெயில் பட்டால் கன்னம் சிவந்து காய்ச்சலும் இருந்தால் லூபஸ் என்ற நோயைப் பார்ப்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் காய்ச்சல் ஏறும்போது மட்டும் வெளிர்சிவப்புத் தடிப்பு வந்து, காய்ச்சலோடு மறைந்துவிட்டால் ஸ்டில்ஸ் நோயாக இருக்கலாம். மாலையில் வந்து காலையில் மறையும் அந்தத் தடிப்பை டொக்டர் பார்க்கவே மாட்டார். தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப் பொட்டில் வலியும், மெல்லும்போது தாடை வலியும் வந்தால் உடனே சொல்லுங்கள். இரத்தக் குழாய் அழற்சியால் பார்வை போய்விடக்கூடும்.

நிணநீர்ப் புற்றுநோயும் காய்ச்சலோடு வருவது உண்மை. அதைக் கண்டறிய நெறிக்கட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். "கத்தி பட்டால் பரவும்" என்று பயந்து மறுக்காதீர்கள். எடுத்துப் பார்க்காமல் காசநோயா, புற்றுநோயா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது; இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு. அதை எடுப்பதற்கு முன் ஸ்டீரொய்ட் மாத்திரை தொடங்கிவிட்டால் காய்ச்சல் இறங்கும், கட்டி சுருங்கும், தடயமும் அழிந்துவிடும். எங்கோ வாங்கிய "பெயரில்லாத வெள்ளை மாத்திரை" இருந்தால் ஒன்பதாம் பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

12. நகையை அடகு வைத்தாவது முழு உடம்பையும் ஸ்கேன் எடுத்துவிடவா?

அவசரப்படாதீர்கள். ஸ்கேன் என்பது எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் உதவும். வயிற்று ஸ்கேன் ஈரல் சீழ்க்கட்டியை, வீங்கிய மண்ணீரலை, உள் நெறிக்கட்டைக் காட்டும். எக்கோ இதய வால்வைக் காட்டும். எது முதலில், எது பிறகு என்பதை உங்கள் கதையும் முதற் சோதனைகளும் தீர்மானிக்கும். அரசாங்க வைத்தியசாலையில் இவற்றுக்குக் காசில்லை, காத்திருக்க வேண்டும். தேவையானால் கண்டிக்கோ பேராதனைக்கோ பதுளைக்கோ அனுப்புவார்கள். "இந்த ஸ்கேன் எந்த நோயைத் தேடி?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்தால் செலவு செய்வதைப் பற்றி யோசிக்கலாம்.

13. முதுகில் ஊசி போட்டு எலும்பு மச்சை எடுத்தால் கால் விளங்காமல் போகுமாமே?

போகாது. எடுப்பது இடுப்பெலும்பின் பின்புறத்தில். முதுகுத் தண்டு அங்கே இல்லை. மரக்க ஊசி போட்ட பிறகும் இழுக்கும்போது ஒரு கணம் வலிக்கும், அதை மறைக்க மாட்டேன். காசநோய், நெருப்புக் காய்ச்சல், இரத்தப் புற்றுநோய் மூன்றுக்கும் அந்தச் சில துளிகள் பதில் சொல்லக்கூடும்.

14. காய்ச்சல் இருக்கும்போதே எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டார்களே, கைவிட்டுவிட்டார்களா?

பார்ப்பதற்கு அப்படித்தான் தெரியும். ஆனால் மருந்தே காய்ச்சலை உண்டாக்குவதுண்டு. அன்டிபயோட்டிக், வலிப்பு மருந்து, காசநோய் மருந்து எதுவும் ஒருவருக்கு இப்படிச் செய்யலாம். அந்த மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விடும். ஆபத்தில்லாத நிலையில் இருப்பவருக்கு மருந்தை நிறுத்திவிட்டுக் கல்ச்சரைத் திரும்ப எடுப்பதும் வழக்கம். சும்மா வைத்திருக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்த நாட்களில்தான் கொப்பி மிகவும் முக்கியம்.

15. மந்திரித்துத் தண்ணீர் கொடுக்கலாமா? பத்தியம் வேண்டுமா?

என் அம்மாவும் மாரியம்மன் கோயில் திருநீறு பூசித்தான் என்னை வளர்த்தார். நூல் கட்டுங்கள், திருநீறு பூசுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிய பிறகு மந்திரித்துக் கொடுங்கள். கொத்தமல்லி அவித்த நீரும் நல்லதே. வைத்தியசாலைக்குப் போகும் நாளை இதற்காகத் தள்ளிப்போடுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

பத்தியம் என்று கஞ்சித் தண்ணீரில் மூன்று வாரம் வைத்தால், காய்ச்சல் ஏற்கெனவே உருக்கும் உடம்பை நாமும் சேர்ந்து உருக்குகிறோம். சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை, பிடித்தது எதுவோ அதை, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். முட்டை சூடு என்று காய்ச்சல்காரருக்குக் கொடுக்காமல் இருக்க வேண்டாம்.

16. குழந்தைக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 வந்தாலே அன்றே வைத்தியசாலை. சற்றுப் பெரிய குழந்தைக்கு ஐந்து நாள் காய்ச்சலோடு கண் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு செம்புற்றுப்பழம்போல் சிவந்து, கை கால் வீங்கினால் கவாசாகி நோயா என்று பார்க்க வேண்டும். பத்து நாளுக்குள் சிகிச்சை கொடுத்தால் இதயக் குழாயைக் காப்பாற்ற முடியும். குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு மலைக்குப் போகும் தாய்மார் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

17. காரணம் தெரியாமலே 'வீட்டுக்குப் போய் கிளினிக் வாருங்கள்' என்கிறார்கள். வேலைக்குப் போகலாமா? இரவில் கூடினால் என்ன செய்வது?

உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால் வீட்டிலிருந்தபடி தேடலாம். வார்டில் கிடந்து புதுத் தொற்று வாங்குவதைவிட அது நல்லது. டயக்னோஸிஸ் கார்டு, கிளினிக் கொப்பி, எல்லா ரிப்போர்ட், எக்ஸ்ரே அனைத்தையும் ஒரே பையில் வையுங்கள். மழை ஒழுகாத இடத்தில் தொங்க விடுங்கள். வேலைக்குப் போகாவிட்டால் பேர் (அன்றைய வேலைநாள் கணக்கு) விழாது, சம்பளம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அரைப் பேருக்காவது என்று காய்ச்சலோடு கூடை மாட்டிக்கொண்டு போனவர்களை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். மருத்துவச் சான்றிதழை வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கி, தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள்.

மூச்சு வாங்குதல், குழம்பிப் பேசுதல், கழுத்து விறைத்தல், வலிப்பு, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்து வாசல்வரை வண்டி ஏறாத பாதை என்றால், எந்தச் சந்தியில் காத்திருப்பீர்கள் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

18. கடைசி வரை காரணமே தெரியாவிட்டால்?

அப்படியும் நடக்கிறது, பெரிய வைத்தியசாலைகளிலும் நடக்கிறது. எல்லாம் பார்த்தும் ஒன்றும் அகப்படாதவர்களில் பலருக்குக் காய்ச்சல் தானாகவே அடங்கிவிடுகிறது. மற்றவர்களுக்கு நோய் தன் முகத்தைக் காட்ட நேரம் எடுக்கிறது. அதனால்தான் டொக்டர் ஒவ்வொரு தடவையும் அதே கழுத்தையும் வயிற்றையும் இதயத்தையும் திரும்பத் தொட்டுப் பார்க்கிறார். போன வாரம் இல்லாத ஒன்று இந்த வாரம் இருக்கலாம்.

மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அண்ணன், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஐந்து வாரக் காய்ச்சல். கல்ச்சர், ஸ்கேன், எக்கோ, மச்சை எல்லாம் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக்கு அனுப்பினோம். அவருடைய மகள் எட்டாம் வகுப்பு. அப்பாவின் காய்ச்சலை அவள்தான் கொப்பியில் எழுதி வந்தாள், கோடு போட்டு, மணியும் பாகையும் எடையும். மூன்றாவது கிளினிக்குக்கு வந்தபோது ஒரு பக்கத்தில், "அப்பா சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கொட்டை தட்டுகிறது என்றார்" என்று எழுதியிருந்தாள். டொக்டர் அந்த வரியை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் அண்ணனின் காதுக்குக் கீழே தடவிப் பார்த்தார். அவரைக்கொட்டை அளவுதான். எடுத்து அனுப்பினோம், காசநோய். ஆறு மாத மருந்தையும் அதே கொப்பியில் நாள்தோறும் குறித்து, கடைசிப் பக்கம் முடிந்தபோது மகளே அதை எனக்குக் கொண்டு வந்து காட்டினாள்.